ஏழாம் நம்பர் வண்டியும் முப்பது விநாடியும்

நான் சொல்வதில் பாதி பொய் என்று சங்கமடை பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்தப் பாதி என்று கேட்டால்தான் முழிப்பார்கள். முப்பத்தோரு வருஷம் அங்கே மைக் பிடித்து ஊர்ப்பெயர் கூவியவன். மைக் தங்கப்பழம் என்றால்தான் தெரியும், வெறும் தங்கப்பழம் என்றால் என் பெண்டாட்டிக்கே ஆள் விளங்காது. யானை பஸ் ஏறியது, ஐப்பசி மழையில் கெண்டைமீன் டிக்கெட் எடுத்தது, இதெல்லாம் நான் கட்டிவிட்டவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடைத்து எடைக்குப் போட்ட ஏழாம் நம்பர் வண்டி ஒரு திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றதே, அது நான் கட்டியதில்லை. அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதுமில்லை. பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது, மிச்சமிருக்கிற நாலு பல்லை.

சந்திரோதயம் மோட்டார் சர்வீஸின் ஏழாம் நம்பர் சங்கமடையில் புறப்பட்டு, வெள்ளைக்கரட்டுக் காலனியைத் தொட்டு, நாகரைப்பாலம், புதூர் விலக்கு, தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் தாண்டி, ஏழேகாலுக்குப் பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். காலனியைத் தொடுகிற வண்டி அது ஒன்றுதான். பெரிய முதலாளி செத்து மகன் பொறுப்புக்கு வந்த வருஷம், கல்லுடைக்கிற சனத்தை ஏற்றி இறக்குவதில் என்ன இருக்கிறது என்று அந்தத் தடத்தை நிறுத்தி, வண்டியையும் உடைத்துப் போட்டார். அது ஆறு வருஷத்துக்கு முந்தி. உடைத்த வண்டி ஊருக்குள்ளேயே சிதறிக் கிடந்தது: கூரைத் தகரம் மாரக்காளின் ஆட்டுக்கொட்டகை மேல், பின்படிக் கம்பி அந்தக் கொட்டகைக்குக் காலாக, இரண்டு சீட்டு செல்வின் சலூனில், ஸ்டியரிங் டிரைவிங் ஸ்கூல் வாசலில் போர்டுக்குப் பதிலாக, ஹாரன் ஐஸ்காரர் சைக்கிளில்.

காலனியில் அன்னக்கொடி என்று ஒருத்தி. ஐம்பத்திரண்டு வயசு, முப்பது வருஷம் குவாரியில் சம்மட்டி பிடித்தவள். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழரைக்குப் பெரியாஸ்பத்திரி மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஏழரைக்கு ஆள் இல்லையென்றால் அந்தக் கட்டில் அடுத்தவருக்கு. ஒரு தடவை தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும், அடுத்தடுத்து இரண்டு தடவை தவறினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மகள் சுகந்தி கிரஷரில் டிப்பர் லாரி ஓட்டுகிறவள். அம்மாவை டிப்பரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தாள், மேஸ்திரி பார்த்து, இன்னொரு தடவை என்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்று சொல்லும் வரை.

சின்ன முதலாளியிடம் தாயும் மகளும் நாலு தடவை போனார்கள். நாலாம் தடவை அவர் கம்ப்யூட்டர் திரையையே அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கம்மா, சிஸ்டத்துல வெள்ளைக்கரடுன்னு ஒரு ஸ்டாப்பே இல்ல. இல்லாத ஊருக்கு நான் எப்படி வண்டி விடுறது?"

"ஊரே இல்லன்னா நான் எங்கேருந்து வாரேன்?" என்றாள் சுகந்தி.

"அத நீதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்காத போன்.

இனி கம்ப்யூட்டர். டைம் ஆபீஸில், கம்பி ஜன்னலுக்கு உள்ளே, மஞ்சளேறிப்போன ஒரு பெட்டி இருந்தது. டைம் கீப்பர் லூர்துசாமி நல்ல மனுஷன், ஆனால் தன் நிழல் முன்னால் விழுந்தாலே ஒதுங்கி நின்று வழிவிடுகிற பயந்தாங்கொள்ளி. வண்டி நேரமெல்லாம் முன்னே அடித்துத் தந்த பழைய புரோகிராம் புது விண்டோஸில் ஓடாது. முதலாளி கேட்கிற புதுக் கணக்கெல்லாம் பழைய எக்ஸ்பியில் ஓடாது. அதனால் ரிப்பேர்க் கடை நூர்தீன் வந்து இரண்டையும் ஒரே பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

"ரெண்டும் உள்ள இருக்கும் சார், ஆனா ஒண்ணு முழிச்சிருந்தா ஒண்ணு தூங்கும். சுவிட்சப் போட்டதும் எது வேணும்னு கேக்கும். முப்பது எண்ணுறதுக்குள்ள கீழ் அம்புக்குறிய அமுக்கி என்டர் தட்டுனா பழசு. சும்மா இருந்தீகன்னா அதுவா புதுசுக்குப் போயிரும்."

"சும்மா இருந்தா புதுசா?"

"சும்மா இருக்கவுகளத்தான சார் அது இழுத்துக்கிட்டுப் போகுது."

பெட்டிக்குள் பட்டன் அளவில் ஒரு பேட்டரி உண்டாம், அது செத்துப்போயிருந்தது. புதுசு முழிக்கும்போது இன்டர்நெட்டைக் கேட்டுத் தேதியைச் சரிசெய்துகொள்ளும். பழசுக்குக் கேட்க ஆளில்லை. அது என்றைக்கு முழித்தாலும் தேதி இரண்டாயிரத்து மூன்று, ஜனவரி ஒன்று.

அந்தத் திங்கட்கிழமை விடிகாலை லூர்துசாமி ஏதோ பழைய ரிக்கார்டு தேடப் பழசை எழுப்பினார். திரையில் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பச்சை மேடும் நீல வானமும் வந்தது. மூலையில் தூசி படிந்து கிடந்த பிரின்டர் தானாகக் கரகரவென்று ஒரு சீட்டை அடித்துத் துப்பியது: வண்டி ஏழு, புறப்பாடு ஆறு பத்து, கண்டக்டர் சிங்காரம். அவர் அதைக் கிழித்து மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிப்பதற்குள் வெளியே ஹாரன் சத்தம்.

சிங்காரம் செத்து ஒன்பது வருஷம். அவன் பதினாறாம் நாள் காரியத்தில் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தவன் நான். அவனேதான், நாற்பது வயசு மீசையோடு, படியில் தொங்கிக்கொண்டு, "என்ன மைக்கு, தூக்கமா? கூவுய்யா" என்றான். நானும் கூவினேன். ஏனென்றால் புதுசு வந்த பிறகு ஏதோ ஒரு பொம்பளைக் குரலை ரிக்கார்டு செய்து போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், நான்தான் பழக்கம் விடாமல் விடிகாலை ஸ்டாண்டுக்கே வந்து உட்கார்ந்திருப்பேன். பழசு முழித்த அன்றைக்கு அந்தக் குரல் வாயடைத்துப்போய், என் பழைய மைக்கில் உயிர் வந்து கிர்ரென்றது. இழுக்க இழுக்க இனித்தது எனக்கு. நாகரைப்பாலம், புதூர் விலக்கு, தீப்பெட்டி ஆபீஸ், பெரியாஸ்பத்திரீ, ஏறு ஏறு ஏறு.

ஊர் ஆச்சரியப்பட்டது என்று நினைக்கிறீர்களா? அரை நாள் பட்டிருக்கும். பழசு முழிக்கும் காலையில் செல்வின் சலூனில் காத்திருந்தவர்கள் தொப்பென்று தரையில் விழுந்தார்கள், சீட்டு இரண்டும் வண்டிக்குப் போய்விட்டதால்; அடுத்த வாரமே செல்வின் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டான். மாரக்காளின் கொட்டகைத் தகரம் பறந்துபோய்ச் சாயங்காலம் திரும்பி வந்தது. அவள் தார்ப்பாய் ஒன்று கட்டிக்கொண்டு, "போறது போகட்டும், வரும்போது ஆட்டுமேல விழாம வந்தாச் சரி" என்றாள். லூர்துசாமி பெட்டியின் சுவிட்சைப் போட்டு அது எண்ண ஆரம்பித்ததுமே தகரம் படபடவென்று உதறும், எதையும் அமுக்குவதற்கு முன்னாலேயே. அதைக் கேட்டு ஊர் காபி போட்டது. மூன்று வாரத்தில் பேய்வண்டி என்ற பேச்சே போய், வண்டி இன்றைக்கு ரெண்டு நிமிஷம் லேட் என்ற பேச்சு வந்துவிட்டது.

அன்னக்கொடிக்காகத்தான் லூர்துசாமி திங்கள், புதன், வெள்ளியில் கீழ் அம்புக்குறியை அமுக்கினார். மற்ற நாளில் சும்மா இருப்பார், புதுசு வந்துவிடும். அவர் தெரிந்து செய்த ஒரே தைரியம் அது.

ஆனால் பழசு என்றால் வண்டி மட்டுமா வரும்? அதை நாங்கள் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் உண்மை. அந்தக் காலத்து ஏழாம் நம்பரில் சீட்டு எத்தனை காலியாகக் கிடந்தாலும் காலனிக்காரர்கள் பின்படிக்குப் பக்கத்தில் நின்றுதான் வர வேண்டும். சில்லறையைக் கையில் வாங்க மாட்டான் சிங்காரம், ஒரு தகர மூடியை நீட்டுவான். டிக்கெட்டைக் கம்பியில் செருகுவான், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். மைக்கில் வெள்ளைக்கரடு என்ற பெயரைச் சொல்லக்கூடாது, "அவுக ஊரு அவுகளுக்குத் தெரியாதாக்கும், அதக் கூவ வேற செய்யணுமா?" என்று அவன் சொன்னதை வாங்கிக்கொண்டு முப்பத்தோரு வருஷமும் அந்தப் பெயரை மட்டும் எச்சிலோடு சேர்த்து விழுங்கியவன் நான். திரும்ப மைக் கிடைத்ததும் திரும்ப விழுங்கினேன். இதில் பொய்ப் பாதி இல்லை.

ராசப்பா டீக்கடையில், பழசு முழிக்கிற நாளில், பின்பக்கச் சுவரில் ஓர் ஆணி முளைத்தது, அதில் நசுங்கிய அலுமினியத் தம்ளர் ஒன்று தொங்கியது. கேட்டதற்கு, "நான் வைக்கலப்பா, அதுவா வந்துச்சு" என்று ராசப்பா சிரித்தான். தானாக வந்ததாம். சரி, ஆணி தானாகவே வந்தது. அந்தத் தம்ளரை எடுத்து அதில் டீயை ஊற்றிக் காலனிக்காரன் முன்னால் வைத்தது யார் கை? மேலத்தெருவில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சோலியும் இல்லாதவர்கள்கூட வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்து, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு சுற்று போய்வர ஆரம்பித்தார்கள். அவர்கள் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்தால் மெஷினில் படுத்து ரத்தம் மாற்றிக்கொண்டு வந்தது அவர்கள்தான் என்று தோன்றும்.

அன்னக்கொடி ஆறு வாரம் நின்றுகொண்டே போனாள், நின்றுகொண்டே வந்தாள். மகளிடம் சொல்லவில்லை. வீங்கின காலைப் பார்த்து சுகந்திதான் கேட்டாள், பஸ் ஸ்டாண்டு நடுவில், என் காதுபட.

"நின்னுக்கிட்டா போற? அம்பது சீட்டு கெடக்குற வண்டியில நின்னுக்கிட்டா போற?"

"வண்டி வருதேன்னு இருந்தேன்டி."

"ஊசி குத்தி நாலு மணி நேரம் படுத்துட்டு, நின்னுக்கிட்டேவா வந்த? ஏம்மா, நாக்கு இல்லையா ஒனக்கு?"

"நாக்கு இருக்கு. ஏழரைக்குள்ள போகணுமே."

அடுத்த புதன்கிழமை சுகந்தியும் ஏறினாள். அம்மாவைக் கையைப் பிடித்து டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காரவைத்தாள். சிங்காரம் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"ஏ, எந்திரி. யாரு எடத்துல யாரு உக்காருறது?"

"ஒங்க அப்பன் செஞ்சு போட்ட சீட்டா?"

"இந்தா பாரு, இது நேத்து வந்த பழக்கம் இல்ல. எறங்குறியா, எறக்கவா?"

அவள் கை டிப்பர் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காய்த்த கை. சிங்காரத்தின் கன்னத்தில் அது விழுந்த சத்தம் என் மைக்கிலேயே கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுங்கள். அவன் வண்டியைப் புதூர் விலக்கில் நிறுத்தி இரண்டு பேரையும் இறக்கிவிட்டான். அங்கிருந்து நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. கட்டிலில் வேறு ஆள்.

வெள்ளிக்கிழமை அவன் திரும்ப வந்தான். கன்னத்தில் ஒரு விரல் தடம்கூட இல்லை. அவனுக்கு அன்றைக்கும் ஜனவரி ஒன்று. புதன்கிழமை என்று ஒன்று நடக்கவே இல்லை. அடித்தால் மறந்துவிடுகிறான், ஏசினால் மறந்துவிடுகிறான், காலில் விழுந்தாலும் மறந்துவிடுவான், மறக்காதது ஒன்றே ஒன்று, அந்தத் தகர மூடி. அன்னக்கொடி மூச்சு வாங்க வாங்கப் பின்படியில் ஏறி நின்றாள், ஏனென்றால் இரண்டாம் தடவை தவறினால் அவள் இல்லை. பக்கத்தில் நின்ற சுகந்தி பின்படிக் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் கம்பி நசுங்கிற்று. இன்றைக்கும் அந்த நசுங்கல் மாரக்காளின் கொட்டகைக் காலில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அந்த வாரமே சின்ன முதலாளி காரில் வரும்போது, தன் கம்பெனிப் பெயர் எழுதிய வண்டி தன்னைக் கேட்காமல் எதிரில் போவதைப் பார்த்துவிட்டார். செத்த கண்டக்டர் சலாம் வைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அனுமதியில்லாத வண்டி என்று மட்டும் குதித்தார். வருகிற வெள்ளி காலை, வண்டி வரும் முன்னால், நூர்தீன் வந்து பெட்டியில் இருக்கிற பழசைத் துடைத்து எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

அதற்கு முந்தைய புதன்கிழமை பழசு முழிக்கவில்லை. லூர்துசாமி பயந்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டார். முப்பதும் எண்ணி முடித்து அது புதுசுக்குப் போனது. அன்னக்கொடி ஸ்டாப்பில் எட்டு மணி வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். ஒரு தடவை தவறியாயிற்று.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே டைம் ஆபீஸ் வாசலில் கூட்டம். காலனியே நடந்து வந்திருந்தது. அன்னக்கொடியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள், முகம் ஊதிக் கண் சிறுத்திருந்தது. மேலத்தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், முன் சீட்டு போய்விடுமே என்று. சின்ன முதலாளி காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, "ஆரம்பிங்க நூர்தீன்" என்றார். நூர்தீன் கைப்பையை வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் கேட்டது: எதைத் தொடங்க வேண்டும்? கீழே முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. தூரத்தில் மாரக்காளின் தகரம் உதற ஆரம்பித்தது.

"பழச அமுக்குய்யா, கீழ அமுக்கு!" என்றார்கள் மேலத்தெருக்காரர்கள்.

"யாரும் தொடக்கூடாது. புதுசு வந்ததும் பழசத் தொடச்சிரலாம்" என்றது கார்.

"அமுக்குங்க சார்" என்றான் காலனியில் ஒருத்தன், தலையைக் குனிந்துகொண்டு. "நின்னுக்கிட்டே போனாலும் போகட்டும், உசுரு இருக்கட்டும்."

"நிக்க முடியுமாடா அவளால? பாரு அவளை!" சுகந்தி கத்தியதில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "புதுசுல நாங்க இல்ல. பழசுல நாங்க நிக்கணும். இதத் தவிர வேற ஒண்ணும் அந்தப் பெட்டியில ஏத்தலையா, நூர்தீன் அண்ணாச்சி?"

பதினாலு, பதிமூணு. லூர்துசாமி நகத்தைக் கடித்தார். அப்போது அன்னக்கொடி நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரும் பிடிக்கவில்லை, பிடிக்க விடவுமில்லை. வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை அவள். மெஷின் ஊசி ஏறி ஏறிக் கயிறாய் முறுக்கேறிய இடது கையை ஜன்னல் கம்பிக்குள் நீட்டி, கீழ் அம்பை ஒரு தடவை, மேல் அம்பை ஒரு தடவை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சம்மட்டி பிடித்தவர்கள் கல்லை உடைக்கும் முன்னால் மேலும் கீழும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் பிளக்கும் என்று, அந்தத் தட்டு.

எண் ஒன்பதோடு நின்றது.

"என்னாச்சு?" என்றது கார்.

நூர்தீன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "அம்புக்குறிய அமுக்குனா எண்ணுறது நின்னுரும் முதலாளி. இனி நாமளா சொன்னாத்தான் அது பழசுக்கோ புதுசுக்கோ போகும். அதுவரைக்கும் கேட்டுக்கிட்டே நிக்கும்."

"எம்புட்டு நேரம் நிக்கும்?" என்றாள் சுகந்தி.

"கரன்ட் இருக்கற வரைக்கும்மா."

"நீ சொல்லேன்யா அதுக்கு. என்டரைத் தட்டு!" கார்க் கதவு திறந்தது.

நூர்தீன் முதலாளியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கைப்பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சு" என்று நடந்தார். லூர்துசாமி எழுந்து டைம் ஆபீஸ் கதவை வெளியே இழுத்துப் பூட்டினார். சாவியை முதலாளி கேட்டார். லூர்துசாமி அதைச் சுகந்தியின் கையில் கொடுத்துவிட்டு, தான் செய்ததைப் பார்த்துத் தானே பயந்து, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அப்போதுதான் ஹாரன் கேட்டது.

ஏழாம் நம்பர் வந்து நின்றது. பெட்டி பாதி முழித்திருந்ததால் வண்டியும் பாதி வந்திருந்தது: இன்ஜின் உறுமியது, கூரை இருந்தது, செல்வின் சலூன் சீட்டுகூட இருந்தது, சிங்காரம் இல்லை, தகர மூடி இல்லை, டிரைவர் இல்லை. அந்தப் பக்கம் ராசப்பா கடையில் எட்டிப் பார்த்தவர்கள் ஆணி இருக்கிறது, தம்ளர் இல்லை என்றார்கள். காலனியிலிருந்து ஒருத்தன் போய்ச் சம்மட்டியால் தட்டி ஆணியையும் பெயர்த்தான். சுவரில் பாதி கூடவே வந்தது.

சுகந்தி டிரைவர் சீட்டில் ஏறினாள். அன்னக்கொடி முன்படி வழியாக ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில், ஜன்னலோரம், காலை நீட்டி உட்கார்ந்தாள். மேலத்தெருக்காரர்களில் இரண்டு பேர் ஏறப் போனார்கள். சுகந்தி தலையைத் திருப்பி, "எடம் இருக்கு, வாங்க, பக்கத்துல உக்காருங்க" என்றாள். அவர்கள் வேலை இருக்கிறது என்று கீழே நின்றுவிட்டார்கள்.

மணி ஆறு இருபது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

"எடுத்துட்டுப் போயேம்மா, நேரமாகுதுல்ல" என்றேன் நான், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு.

"தாத்தா கூவட்டும்" என்றாள் சுகந்தி. "கூவாம வண்டி எடுத்த வழக்கம் உண்டா இங்க?"

கூவினேன். நாகரைப்பாலம், புதூர் விலக்கு, தீப்பெட்டி ஆபீஸ், பெரியாஸ்பத்திரீ.

அவள் கியரைத் தொடவில்லை. அன்னக்கொடி ஊதின முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் இந்த ஜன்னலுக்குக் கீழே நின்று கூவியிருக்கிறேன், ஒரு தடவையும் அவள் என்னைப் பார்த்ததில்லை; நான் பார்க்கிற இடத்தில் அவள் இருந்ததில்லை.

"மொத ஸ்டாப்பு என்ன அண்ணாச்சி?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆயிரம் பொய் சொன்ன நாக்கு. "வெள்ளைக்கரடு" என்றேன், எனக்கே கேட்காமல்.

"காதுல விழல."

"வெள்ளைக்கரடு."

"மைக்கு எதுக்குக் கையில? மாலை போடவா?"

முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேலத்தெரு பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, அவள் மேல் இல்லை, அவர்கள் மேல்கூட இல்லை, இத்தனை வருஷம் அந்தப் பெயரை முழுங்கி முழுங்கி வளர்த்த இந்தத் தொண்டை மேல். மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்து, ஒலிபெருக்கி கிழிகிற மாதிரி, பஸ் ஸ்டாண்டுப் புறா அத்தனையும் எழும்பிப் பறக்கிற மாதிரி கத்தினேன்.

வெள்ளைக்கரடூ! வெள்ளைக்கரடூ! வெள்ளைக்கரடூ!

வண்டி நகர்ந்தது. ஏழு இருபத்தெட்டுக்குக் கட்டிலில் படுத்துவிட்டாளாம்.

பெட்டி இன்னும் ஒன்பதில்தான் நிற்கிறது. எதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, பூட்டிய அறைக்குள் பதில் சொல்ல யாரும் இல்லை. கரன்ட் போனால் என்று டிப்பர் பேட்டரி இரண்டைக் கொண்டுவந்து இணைத்திருக்கிறார்கள், காலனியில் முறைபோட்டு ஆள் காவல் இருக்கிறது, சாவி சுகந்தியிடம். முதலாளி வழக்குப் போட்டிருக்கிறார். இல்லாத வண்டி எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்று வக்கீல் கேட்டதற்கு, இல்லாத ஊரை என்று சுகந்தி பதில் சொன்னாளாம், இது நான் நேரில் பார்க்காதது, பாதி கழித்துக்கொள்ளுங்கள். நான் திங்கள், புதன், வெள்ளி காலையில் கூவுகிறேன். அன்னக்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். என்னோடு பேசுவதில்லை. நான் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கும் வரை பார்ப்பாள், பிறகு ரோட்டைப் பார்ப்பாள்.